மூளையில் தெரிவது கட்டியா, வேறு ஏதேனுமா? எம்.ஆர்.ஐ. பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரத்தில் எம்.ஆர்.ஐ. அறையில் பணிபுரியும் தொழில்நுட்பர் என்ற முறையில், ராமேஸ்வரம், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி எனக் கடற்கரை ஊர்களிலிருந்து வருவோரும் அவர்களுடைய உறவினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். படம் எடுப்பது என் வேலை. அதைப் படித்து அறிக்கை எழுதுவது கதிரியக்க மருத்துவரின் வேலை. சிகிச்சையை முடிவு செய்வது நரம்பியல் மருத்துவரின் வேலை. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் தம் படத்துக்குத் தாமே தீர்ப்பு எழுத வேண்டாம். மருத்துவர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும், அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கவும் இது உதவினால் போதும்.

“ஸ்கேன்ல ஏதோ தெரியுதுன்னு சொல்லிட்டாங்க. அப்படின்னா கட்டிதானே?”

அப்படி முடிவு கட்ட வேண்டாம். மூளையில் இயல்புக்கு மாறாகத் தெரியும் ஒரு புள்ளி புற்றுக்கட்டியாக இருக்கலாம்; நாடாப்புழுவின் முட்டையால் உண்டான நீர்ப்பையாக (இதைத்தான் பூச்சிக்கட்டி என்கிறோம்) இருக்கலாம்; காசநோய்க் கட்டி, சீழ்க்கட்டி, ரத்தக்குழாய் அடைத்ததால் செயலிழந்த பகுதி, பழைய ரத்தக்கசிவின் தடம், நரம்புறை சிதைந்த இடம், ரத்தக்குழாய்களின் முடிச்சு என வேறு எதுவாகவும் இருக்கலாம். வயதானவர்களின் படங்களில் ஆங்காங்கே தெரியும் சின்னஞ்சிறு வெண்புள்ளிகள் பெரும்பாலும் வயதோடும் நெடுநாள் ரத்த அழுத்தத்தோடும் தொடர்புடையவை.

விசைப்படகில் போவோருக்கு, ஒலியலையால் கடலடியைத் திரையில் காட்டும் எக்கோ சவுண்டர் பழக்கமானது. திரையில் விழும் தடம் மீன்கூட்டமா, பாறையா என்பதை ஆழம், அடித்தரை, பருவம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் டிரைவர் சொல்கிறார். எம்.ஆர்.ஐ. படமும் அப்படித்தான் படிக்கப்படுகிறது. புள்ளி எந்த இடத்தில் இருக்கிறது, அதன் ஓரம் எப்படி, சுற்றிலும் எவ்வளவு வீக்கம் என்பவற்றைப் படம் காட்டும். எத்தனை நாளாகத் தொல்லை, காய்ச்சல் உண்டா, உடலில் வேறெங்கேனும் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடந்ததா என்பவற்றைப் படம் காட்டாது. அவற்றை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இவற்றை மறைத்துவிட்டு, “ஸ்கேனே சொல்லட்டும்” என்று காத்திருப்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அதனால் கெடுவது அவர்களுடைய அறிக்கைதான்.

“சி.டி. ஏற்கெனவே எடுத்தாச்சு. மறுபடியும் எம்.ஆர்.ஐ. எதுக்கு?”

சி.டி. வீண் அல்ல. திடீரெனக் கை கால் விழுந்துவிட்டாலோ, படகில் தலையில் அடிபட்டாலோ பெரும்பாலும் முதலில் எடுப்பது அதைத்தான். சில நிமிடங்களில் முடிந்துவிடும்; புதிய ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் தெளிவாகக் காட்டும். சுண்ணாம்பு படிந்த இடத்தைக் காட்டுவதிலும் அது எம்.ஆர்.ஐ.யை விடக் கெட்டிக்காரன். ஆறிப்போன பழைய பூச்சிக்கட்டியை அடையாளம் காண இது பெரிதும் உதவுகிறது.

ஆனால் மென்மையான திசுக்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவதில் சி.டி. பின்தங்கிவிடும். சிறுமூளையையும் மூளைத்தண்டையும் சுற்றித் தடித்த எலும்பு இருப்பதால் அந்தப் பகுதியில் கோடுகள் விழுந்து விவரம் மறையும். சி.டி.யில் “இங்கே ஏதோ இருக்கிறது” என்று தெரிந்ததை, “அது என்னவாக இருக்கக்கூடும்” என்ற நிலைக்கு நகர்த்துவதற்காகவே எம்.ஆர்.ஐ. கேட்கப்படுகிறது. சி.டி.யில் எக்ஸ்ரே கதிர் உண்டு, எம்.ஆர்.ஐ.யில் அந்தக் கதிர்வீச்சு இல்லை.

“அரை மணி நேரமா தட்டுது, இரையுது. உள்ளே என்னதான் நடக்குது?”

உடலில் உள்ள நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்களைக் காந்தப்புலத்தில் வைத்து, ரேடியோ அலையால் சற்றே புரட்டி, அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது எழும் சிக்னலைப் படமாக்குகிறோம். பரவலாக உள்ள 1.5 டெஸ்லா கருவியின் காந்தம் பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு வலுவானது. சிக்னல் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று அறிவதற்காகச் சில கம்பிச்சுருள்களில் மின்னோட்டத்தை நொடிக்குப் பலமுறை மாற்றுகிறோம். அப்போது அவை அதிர்வதால் எழும் ஓசைதான் உங்களுக்குக் கேட்கிறது.

சத்தத்தின் தாளம் மாறும்போதெல்லாம் வேறொரு வகைப் படம் எடுக்கப்படுகிறது என்று கொள்ளலாம். டி1 படம் அமைப்பைத் தெளிவாகக் காட்டும். டி2 படத்தில் நீர் வெண்மையாகத் தெரியும். ஃபிளேர் என்ற படத்தில் மூளையைச் சுற்றியுள்ள இயல்பான நீரின் வெண்மை அடக்கப்பட்டு, நோயால் உண்டான வீக்கம் மட்டும் தூக்கலாகத் தெரியும். டிஃப்யூஷன் என்ற படம், நீரின் துகள்கள் அந்த இடத்தில் தாராளமாக அசைகின்றனவா, நெருக்கத்தில் சிக்கித் திணறுகின்றனவா என்பதைக் காட்டும். எஸ்.டபிள்யூ.ஐ. என்பது பழைய ரத்தத்தின் இரும்புக் கறையையும் சுண்ணாம்புப் படிவையும் காட்டும். ஒரே புள்ளியை இத்தனை கோணங்களில் பார்ப்பதால்தான் நேரமாகிறது. நடுவில் தலையை அசைத்தால் அந்த வகைப் படம் முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

“தாலியைக் கழட்டணுமா? மூக்குத்தி எத்தனையோ வருஷமாக் கழட்டினதே இல்லை.”

கழற்றத்தான் வேண்டும். பொன்னும் வெள்ளியும் காந்தத்தால் இழுக்கப்படாதவை என்றாலும், நகையில் கலந்த உலோகமும் கொக்கியும் எப்படிப்பட்டவை என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது. ரேடியோ அலையால் உலோகம் சூடேறவும் கூடும். முகத்தருகே இருந்தால் படமும் கெடும். தாலிக்கயிற்றில் கோத்த ஊக்கு, மெட்டி, கொண்டை ஊசி, அரைஞாணில் கட்டிய தாயத்து எல்லாம் கணக்கில் சேரும். தாலியைக் கழற்றத் தயங்குவோர், மஞ்சள் கயிற்றை மட்டும் அணிந்துகொண்டு உள்ளே வருவதில் தடை இல்லை. இறுகிப்போன மூக்குத்திக்குத் தேங்காயெண்ணெய் தடவி முந்தின நாளே வீட்டில் முயல்வது நல்லது. அறை வாசலில் நின்று திருகினால் மூக்கு புண்ணாவதுதான் மிச்சம்.

நகையை விட முக்கியமானவை உடலுக்குள் இருப்பவை. இதயத்தில் பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், காதுக்குள் வைத்த காக்ளியர் கருவி ஆகியவற்றை முன்பதிவின்போதே சொல்ல வேண்டும். படகுப் பட்டறையில் வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்ப்பவர்கள், எப்போதேனும் கண்ணில் இரும்புத்தூள் தெறித்ததா என்பதைச் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம். முறிந்த தூண்டில் முள் சதைக்குள் நின்றுவிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். எலும்பு முறிவுக்கு வைத்த பிளேட் பெரும்பாலும் தடையாக இருப்பதில்லை. ஆனாலும் அறுவைச் சீட்டைக் கொண்டுவருவது நல்லது.

“மருந்து ஊசி போட்டு எடுக்கணும்னு எழுதியிருக்கு. எனக்கு இறால், நண்டு ஒத்துக்காது. போடலாமா?”

போடலாம். இறால், நண்டு ஒவ்வாமை அவற்றின் புரதத்தால் வருவது, எம்.ஆர்.ஐ.யில் போடும் ஊசி மருந்து காடோலினியம் என்ற தனிமத்தின் சேர்மம். இரண்டுக்கும் தொடர்பில்லை. இதே ஊசிக்கு முன்பு ஒவ்வாமை வந்திருந்தால்தான் அது முக்கியம். கடுமையான ஆஸ்துமா இருந்தாலும் சொல்லிவிட வேண்டும்.

சிறுநீரகம் நன்றாக இயங்குகிறதா என்பதே இங்கே பெரிய கேள்வி. சிறுநீரகம் கடுமையாகச் செயலிழந்த சிலருக்குப் பழைய வகைக் காடோலினியம் மருந்துகளால் தோலும் உள்திசுக்களும் இறுகும் நோய் வந்தது. புதிய வகை மருந்துகளில் அந்த ஆபத்து மிகமிகக் குறைவு. இருந்தாலும் சிறுநீரகத்தின் நிலையை அறிய, சர்க்கரை நோயாளிகளிடமும் வயதானவர்களிடமும் கிரியேட்டினின் பரிசோதனைச் சீட்டைக் கேட்கிறோம். கர்ப்பிணிகளுக்கு ஊசியைத் தவிர்ப்பதே வழக்கம், ஊசியில்லாத எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். பாலூட்டும் தாய்மார் ஊசிக்குப் பிறகும் பாலூட்டலாம்.

ஊசி எதற்கு என்றால், மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் இயல்பாகவே பல பொருள்களை உள்ளே விடாமல் தடுத்து நிறுத்தும். கட்டியோ தொற்றோ அந்தத் தடுப்பைக் குலைத்த இடத்தில் மட்டும் மருந்து கசிந்து உள்ளே போகும். அந்த இடம் டி1 படத்தில் வெளிறி ஒளிரும். எந்த இடம் ஒளிர்கிறது என்பதோடு, எந்த வடிவத்தில் ஒளிர்கிறது என்பதும் நோயைப் பிரிக்க உதவுகிறது.

“ரிப்போர்ட்ல ‘ரிங் என்ஹான்ஸிங் லீஷன்’னு போட்டிருக்கு. வளையம்னா கேன்சரா?”

எங்களிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஊசி போட்ட பிறகு ஓரம் மட்டும் ஒளிர்ந்து, நடுப்பகுதி இருண்டு கிடந்தால் அதை வளையம் என்று எழுதுகிறார்கள். அது ஒரு தோற்றம்; நோயின் பெயர் அல்ல. நடுவில் இருப்பது சீழா, புழுவின் நீரா, காசநோயின் கெட்டியான சிதைவா, ரத்த ஓட்டம் போதாமல் அழுகிய புற்றுத்திசுவா என்பதைப் பொறுத்தே பெயர் அமையும்.

முதலில் பார்ப்பது டிஃப்யூஷன் படத்தை. பாக்டீரியாவால் வந்த சீழ்க்கட்டியில் சீழ் கெட்டியாக இருப்பதால் நீர்த்துகள்கள் அசைய முடியாமல், வளையத்தின் நடுப்பகுதி பளிச்சென்று தெரியும். அதற்கு இணையான ஏ.டி.சி. என்ற படத்தில் அதே இடம் கறுத்திருக்கும். கிளையோபிளாஸ்டோமா என்ற வீரியமான மூளைப்புற்றில் நடுப்பகுதி அழுகி நீர்த்திருப்பதால் பெரும்பாலும் அப்படித் தெரிவதில்லை. இரண்டுக்கும் சிகிச்சை முற்றிலும் வேறு. சீழ்க்கட்டியை நாள் தாழ்த்தினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே இந்த ஒரு படத்தின் மதிப்பு மிகப் பெரியது. விதிவிலக்குகளும் உண்டு: ரத்தம் கசிந்த புற்றுக்கட்டியும் சில காசநோய்க் கட்டிகளும் சீழைப் போலவே பளிச்சிடக்கூடும்.

அடுத்து வளையத்தின் சுவர். சீழ்க்கட்டியின் சுவர் பெரும்பாலும் மெலிந்து வழுவழுப்பாக இருக்கும்; எஸ்.டபிள்யூ.ஐ. படத்தில் ஓரத்தில் கறுப்பும் வெளுப்புமாக இரட்டை வளையம் தெரிந்தால் சீழ்க்கட்டி என்ற ஐயம் வலுக்கும். கிளையோபிளாஸ்டோமாவின் சுவர் தடித்து, ஒழுங்கற்று, முடிச்சு முடிச்சாக இருக்கும். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் பாலத்தின் வழியே மறுபுறமும் பரவக்கூடும். உடலின் வேறிடத்திலிருந்து பரவிய புற்று, மூளையின் சாம்பல் பகுதியும் வெண்பகுதியும் சந்திக்கும் எல்லையில் அதிகம் தென்படும்; பலவாக இருக்கும்; சிறிய கட்டியைச் சுற்றிப் பெரிய வீக்கம் இருக்கும். நரம்புறை சிதையும் நோயில் வளையம் முழுமையாக இல்லாமல், மூளையின் மேற்பரப்பை நோக்கிய பக்கம் திறந்து பிறைபோல இருப்பது வழக்கம். இத்தனையும் பார்த்த பிறகும் இரண்டு மூன்று வாய்ப்புகள் மிஞ்சினால், மருத்துவர் அவற்றை வரிசையாக எழுதுவார். அந்த வரிசையில் புற்றுநோயின் பெயர் ஓரத்தில் இருப்பதைப் பார்த்து வீட்டில் அழுகுரல் எழ வேண்டியதில்லை. வரிசையில் எது முதலில் இருக்கிறது, ஏன் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

“நாங்க பன்றிக்கறி தொடாத வீடு. வாப்பாவுக்கு மூளையில நாடாப்புழுன்னு சொல்றாங்க. எப்படி வரும்?”

கீழக்கரையிலிருந்தும் பெரியபட்டினத்திலிருந்தும் வருவோர் மனம் நொந்து கேட்கும் கேள்வி இது. இந்தப் புழுவின் வாழ்க்கையில் இரண்டு கட்டங்கள் உண்டு. சரியாக வேகாத பன்றி இறைச்சியில் உள்ள நீர்ப்பைகளை உண்டால் குடலில் நாடாப்புழு வளரும். மூளையில் நீர்ப்பை உண்டாவது அந்த இறைச்சியால் அல்ல. குடலில் புழு உள்ள வேறு ஒருவரின் மலத்தோடு வெளியேறும் கண்ணுக்குத் தெரியாத முட்டைகள், கழுவாத காய்கறி, அசுத்தமான நீர், கழுவாத கை வழியாக நம் வாய்க்குள் போனால்தான் மூளையில் நீர்ப்பை உண்டாகிறது. மரக்கறி மட்டுமே உண்பவருக்கும் வரும். பன்றி இறைச்சியைத் தொடாதவருக்கும் வரும். ஆகவே வாப்பாவின் உணவையோ ஒழுக்கத்தையோ யாரும் சந்தேகிக்க இடமில்லை. மீன் உண்பதாலும் இது வருவதில்லை.

“பூச்சிக்கட்டியா, டி.பி. கட்டியான்னு எப்படிப் பிரிக்கிறாங்க?”

நம் நாட்டில் இளவயதில் முதன்முறையாக வலிப்பு வந்து, படத்தில் ஒரே ஒரு சிறு வளையம் தெரிந்தால், பெரும்பாலும் போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். ஒரு காலத்தில் இத்தகைய சிறு வளையங்களைக் காசநோய்க் கட்டி என்றே கொண்டு மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்து வந்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் அறுவை மருத்துவர்களான சாண்டி, ராஜசேகர் முதலியோர் அவற்றின் திசுவை எடுத்து ஆராய்ந்து, அவற்றில் பெரும்பாலானவை நாடாப்புழு நீர்ப்பையின் எச்சமே என்று 1990களின் தொடக்கத்தில் காட்டிய பிறகுதான் அந்த வழக்கம் மாறியது. பிரித்தறிய அவர்கள் வகுத்த குறிகள் இன்றும் பயன்படுகின்றன: அளவு 20 மில்லிமீட்டருக்குள் இருப்பது, மூளையின் நடுக்கோட்டைத் தள்ளாதிருப்பது, நோயாளிக்கு நாளுக்கு நாள் கூடும் பலவீனம் இல்லாதிருப்பது, உடலில் வேறெங்கும் காசநோய் இல்லாதிருப்பது ஆகியவை பூச்சிக்கட்டியின் பக்கம் சாய்க்கும்.

படத்தில் நீர்ப்பைக்குள் புழுவின் தலை ஒரு சிறு புள்ளியாகத் தெரிந்துவிட்டால் ஐயமே இல்லை. சுருங்கும் நிலையில் உள்ள பையில் அது தெரியாமலும் போகலாம். காசநோய்க் கட்டி பெரியதாக, ஒழுங்கற்று, ஒன்றோடொன்று ஒட்டிய கொத்தாக இருப்பதுண்டு. டி2 படத்தில் அதன் நடுப்பகுதி கறுத்துத் தெரிவது ஒரு முக்கிய அடையாளம். ஸ்பெக்ட்ராஸ்கோபி என்ற கூடுதல் பரிசோதனை அந்த இடத்தின் வேதிப்பொருள்களை வரைகோடாகக் காட்டும். காசநோய்க் கட்டியில் கொழுப்பின் முகடு 1.3 என்ற குறியருகே உயர்ந்து நிற்கும். நெஞ்சு எக்ஸ்ரேயும் வீட்டில் யாருக்கேனும் காசநோய் இருந்ததா என்ற விவரமும் இந்த இடத்தில் எம்.ஆர்.ஐ.க்குச் சமமான சாட்சிகள்.

“முதல்ல பக்கவாதம்னாங்க. இப்போ கட்டியா இருக்கலாம்ங்கிறாங்க. யார் சொல்றது சரி?”

இருவரும் தத்தம் நிலையில் சரியாகவே சொல்லியிருக்கக்கூடும். ரத்தக்குழாய் அடைப்பு நொடிகளிலோ நிமிடங்களிலோ தாக்கும். கட்டி வாரங்களில் வளரும். ஆனால் கட்டிக்குள் ரத்தம் கசிந்தால் அதுவும் திடீர்த் தாக்குதலாகவே வரும். அடைப்பால் கெட்ட பகுதி ஒரு குறிப்பிட்ட ரத்தக்குழாயின் எல்லைக்குள் ஆப்பு வடிவில் அடங்கும். கட்டி அந்த எல்லைகளை மதிக்காது. புதிய அடைப்பு டிஃப்யூஷன் படத்தில் பளிச்சிடும். ஓரிரு வாரங்கள் கழித்து அதே இடம் ஊசி மருந்தை ஏற்று ஒளிர்ந்து, கட்டிபோல ஏமாற்றுவதுண்டு. பிரசவத்துக்குப் பிறகு வலிப்பும் தலைவலியும் வரும் பெண்களுக்குச் சிரைக்குழாய் அடைப்பு இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

ரத்தக்கசிவு பெரிதாக இருந்தால் அதன் அடியில் கட்டி ஒளிந்திருப்பதை அன்றைய படம் காட்டாமல் போகலாம். ரத்தம் வடிந்த பிறகு, சில வாரங்கள் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வது இதனால்தான்.

“சங்கு குளிக்கிறவர். மேலே வந்ததும் கால் விழுந்துடுச்சு. உடனே மூளை ஸ்கேன் எடுக்கலாமா?”

கம்ப்ரசர் காற்றைக் குழாய் வழியே சுவாசித்து ஆழத்தில் வேலை செய்துவிட்டு விரைவாக மேலே வந்தவருக்கு, ரத்தத்தில் குமிழ்கள் உண்டாகித் தண்டுவடத்தையோ மூளையையோ தாக்கக்கூடும். இந்த நிலையில் எம்.ஆர்.ஐ. இயல்பாகவே தெரியலாம், இயல்பாக இருப்பதால் நோய் இல்லை என்றாகாது. ஸ்கேனுக்காகக் காத்திருக்காமல், படுக்கவைத்து, உடனே ஆக்சிஜன் கொடுத்து, அழுத்த அறைச் சிகிச்சைக்கு (காற்றழுத்தம் கூட்டிய அறையில் வைத்துத் தரும் சிகிச்சை) வழி கேட்க வேண்டும். கடலில் இறங்கியதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

“கட்டின்னே வச்சுக்குவோம். நல்ல கட்டியா, கெட்ட கட்டியான்னு ஸ்கேன்லயே தெரிஞ்சுடுமா?”

சிலவற்றில் ஏறக்குறைய உறுதியாகவே தெரியும். மெனிஞ்சியோமா என்பது மூளைக்குள் அல்லாமல் அதன் உறையில் முளைத்து, மூளையை வெளியிலிருந்து அழுத்தும் கட்டி. ஊசிக்குப் பிறகு ஒரே சீராக ஒளிரும். உறையை ஒட்டி வால்போல நீளும். இவை பெரும்பாலும் மெதுவாக வளர்பவை. மூளையடிச் சுரப்பியின் கட்டிகளும் காது நரம்பின் கட்டிகளும் இருக்குமிடத்தாலேயே அடையாளம் சொல்லிவிடும்.

மூளைத் திசுவிலேயே பிறக்கும் கிளையோமா வகைகளில் நிலைமை அவ்வளவு எளிதல்ல. ஒளிராத கட்டி வீரியம் குறைந்தது என்ற பொது வழக்கு பல நேரம் பொருந்தும், சில நேரம் கைவிடும். ரத்த ஓட்டத்தை அளக்கும் பெர்ஃப்யூஷன் படம் இங்கே உதவுகிறது: வீரியமான கட்டியில் புதிய ரத்தக்குழாய்கள் பெருகியிருக்கும். மூளையில் பிறந்த புற்று சுற்றியுள்ள வீக்கத்துக்குள்ளும் ஊடுருவுவதால் வளையத்துக்கு வெளியேயும் ரத்த ஓட்டம் கூடியிருக்கும். வேறிடத்திலிருந்து பரவிய புற்றைச் சுற்றி இருப்பது வெறும் நீர்வீக்கம் என்பதால் அங்கே கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி, கிளையோமாவுக்குப் பெயர் சூட்டவே ஐ.டி.எச். போன்ற மரபணு மாற்றங்கள் தெரிந்தாக வேண்டும். அதைப் படத்தால் ஊகிக்கலாம். உறுதி செய்வது திசுப் பரிசோதனைதான்.

“மூணு மாசம் கழிச்சு மறுபடி எடுக்கச் சொல்றாங்க. அதுக்குள்ள கட்டி வளர்ந்துடாதா?”

சந்தேகம் புற்றுக்கட்டியின் பக்கம் சாய்ந்திருந்தால் பொதுவாக அவ்வளவு நாள் காத்திருக்கச் சொல்லமாட்டார்கள். பூச்சிக்கட்டி என்று கருதும்போது, அது சுருங்குகிறதா என்று பார்ப்பதே அந்தக் கருத்துக்கான சோதனை. இடைப்பட்ட காலத்தில் வலிப்பு மாத்திரையைத் தவறாமல் சாப்பிட வேண்டும். சுருங்கினால் முதல் கருத்து உறுதிப்படும். பெருத்தால் வேறு வழி தேட வேண்டும். என் அனுபவத்தில், இந்த இரண்டாம் ஸ்கேனுக்குத்தான் ஆட்கள் வராமல் போய்விடுகிறார்கள். வலிப்பு நின்றுவிட்டதே, இனி எதற்கு என்று நினைக்கிறார்கள்.

“இப்போ சீசன். ஏப்ரல்ல தடைக்காலம் வரும்போது எடுத்துக்கட்டுமா?”

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் என்பதால், மேலே சொன்ன மறுபரிசோதனையை மருத்துவரின் சம்மதத்தோடு அந்த நாள்களுக்குப் பொருத்திக்கொள்ளலாம். முதல் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. விடியற்காலையில் தலைவலியும் வாந்தியும், பார்வை மங்கல், ஒரு பக்கம் பலவீனம், பேச்சுக் குழறல், திரும்பத் திரும்ப வலிப்பு, காய்ச்சலோடு மயக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வலிப்பு வந்தவர் படகில் போகலாமா என்பதும் இதையொட்டி வரும் கேள்வி. வலிப்பு முழுமையாகக் கட்டுப்பட்டுவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை கடலுக்குப் போவது, சங்கு குளிப்பது, பாசி எடுக்க இறங்குவது, வண்டி ஓட்டுவது அனைத்தையும் நிறுத்த வேண்டும். ஓரடி நீரில் வலிப்பு வந்தாலும் மூழ்க நேரும்.

“ஸ்டீராய்டு மாத்திரை போட்டதும் தலைவலி போயிடுச்சு. இனி ஸ்கேன் தேவையா?”

தேவை. ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைக்கும். அதனால் எந்த நோயானாலும் தலைவலி தணியும். லிம்ஃபோமா என்ற வகைப் புற்றில் கட்டியே தற்காலிகமாகச் சுருங்கி மறைந்து, பிறகு திசு எடுத்தாலும் ஒன்றும் தெரியாதபடி ஆகிவிடும். ஆகவே அந்தச் சந்தேகம் இருக்கும்போது, உயிருக்கு ஆபத்தான அழுத்தம் இல்லையென்றால், திசு எடுக்கும் வரை ஸ்டீராய்டைத் தவிர்க்க மருத்துவர்கள் விரும்புகிறார்கள். கடையில் தாமாக வாங்கிச் சாப்பிட்டிருந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டு வருபவர்கள் தாமாக நிறுத்தவும் கூடாது.

“டி.பி. மருந்து ஆரம்பிச்ச பிறகு கட்டி பெரிசாயிடுச்சு. மருந்து தப்பா?”

அப்படி இருக்கத் தேவையில்லை. மருந்து வேலை செய்யத் தொடங்கியதும், இறக்கும் கிருமிகளுக்கு எதிராக உடல் சீறுவதால் முதல் சில மாதங்களில் கட்டி பெருத்துத் தெரிவதுண்டு. மருந்துக்கு அடங்காத காசநோயாகவோ, முதலிலேயே வேறு நோயாகவோ இருக்கவும் வாய்ப்புண்டு. அதை மருத்துவர் எடைபோடுவார். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இதற்கு இணையான குழப்பம் புற்றுக்கட்டிக்குக் கதிர்ச்சிகிச்சை பெற்றவர்களுக்கும் வரும். சிகிச்சை முடிந்த முதல் சில மாதங்களில் அந்த இடம் பெரிதாகி ஒளிரலாம். அது கட்டி மீண்டும் வளர்வதாகவும் இருக்கலாம், கதிரால் கருகிய திசுவாகவும் இருக்கலாம். ரத்த ஓட்டப் படம் ஓரளவு பிரித்துக் காட்டும். கருகிய திசுவில் ஓட்டம் குறைவு. அதன் பிறகும் பல நேரம், அடுத்த ஸ்கேனோடு ஒப்பிட்டால்தான் விடை கிடைக்கும்.

“இவ்வளவு படம் எடுத்தும், தலையில துளை போட்டுச் சதை எடுக்கணுமா?”

எல்லோருக்கும் தேவையில்லை. பூச்சிக்கட்டியில் புழுவின் தலை தெரிந்துவிட்டாலோ, மெனிஞ்சியோமா சந்தேகமின்றித் தெரிந்தாலோ திசு இல்லாமலே அடுத்த முடிவுக்குப் போக முடியும். இரண்டு நோய்களின் சிகிச்சை ஒன்றுக்கொன்று எதிராக இருந்து, படம் இரண்டையும் ஆதரிக்கும்போது திசு எடுப்பதைத் தவிர்க்க முடியாது. தவறான ஊகத்தின் பேரில் ஆண்டுக்கணக்கில் மருந்து சாப்பிடுவதையும் கதிர்ச்சிகிச்சை பெறுவதையும் விட அது பாதுகாப்பானது. எங்கே ஊசி செலுத்தினால் பலன் கிட்டும், எந்த ரத்தக்குழாயைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் எம்.ஆர்.ஐ.தான் வழிகாட்டுகிறது.

“இதுக்கெல்லாம் மதுரைக்குத்தான் போகணுமா? கையில என்னென்ன கொண்டு போறது?”

ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் தொடங்கப்பட்டது. முதலில் அங்கே காட்டி, பரிந்துரை பெற்றுக்கொள்ளுங்கள். மூளை அறுவைக்கும் சிக்கலான நிலைகளுக்கும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்புவது வழக்கம். அரசு மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. மையங்களைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் குறைந்த கட்டணத்தில் நடத்துகிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், எது அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஃபிலிமில் தேர்ந்தெடுத்த படங்கள் மட்டுமே இருக்கும். முழுத் தொகுப்பும் குறுந்தகட்டில்தான் உள்ளது. மஞ்சள் பையில் மடித்துக் கொண்டுவரும் ஃபிலிமில் சரியாக வளையத்தின் மேலேயே மடிப்பு விழுந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். மருத்துவர் அதை விளக்குப் பெட்டியில் வைத்து எவ்வளவு திருப்பியும் பயனில்லை. குறுந்தகட்டைக் கேட்டு வாங்கி, அறிக்கையோடு சேர்த்து வையுங்கள். பழைய சி.டி. ஸ்கேன், நெஞ்சு எக்ஸ்ரே, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, முன்பு அறுவை நடந்திருந்தால் அதன் திசுப் பரிசோதனைச் சீட்டு ஆகியவையும் உடன் வர வேண்டும். புதிய படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் புள்ளி வளர்ந்திருக்கிறதா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.